என் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம்

கரண்டிச் சத்தம் நிற்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரகடத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த அந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வகுப்பு நடக்கும் கூடத்துக்கும் சத்துணவுச் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். ஜன்னல் என்ற பெயரில் அதில் ஒரு சிமென்ட் கிராதி. அந்தப் பக்கம் ஆயா பெரிய அலுமினிய அண்டாவில் சோறு கிளறும் சத்தம் காலை பத்தரையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். தலைமையாசிரியர் நான்காம் வகுப்பு வரிசைக்கு வந்து ஆயாவின் மகளை எழுப்பி, புத்தகத்தைக் கையில் கொடுத்து, "படி" என்பார். உடனே அந்தச் சத்தம் நின்றுவிடும். பிரம்பு விழும். ஒன்று, இரண்டு, சில நாள் நான்கு. அவர் தன் மேசைக்குத் திரும்பிச் சற்று நேரமான பிறகு கரண்டி மறுபடியும் அண்டாவில் உரசத் தொடங்கும். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்திருந்தால் மத்தியானம் அதற்கும் ஆயாவைத்தான் திட்டுவார்.

அது 1991. எனக்கு இருபத்துமூன்று வயது. முந்தின வருடம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்துத் தலைமையாசிரியரும் நானும் மட்டுமே ஆசிரியர்கள். முதல் மூன்று வகுப்புகள் எனக்கு, மற்ற இரண்டும் அவருக்கு. இன்று வரிசையாகத் தொழிற்சாலைகள் நிற்கிற அந்தச் சாலையில் அப்போது ஏரியும் வயலும் சவுக்குத் தோப்பும்தான். தாம்பரத்தில் ரயில் ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, பஸ் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடப்பேன். மாலை நாலேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. அந்த நாலேகால் பஸ்ஸைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயா என்று பள்ளியில் எல்லோரும் கூப்பிட்டாலும் அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. கல் குவாரியில் வேலை செய்த கணவர் இறந்த பிறகு, விதவை என்பதால் கிடைத்த வேலை அது. ஒரே மகள். பத்து வயது. ஒல்லியாக, எண்ணெய் வழிய வழிய இரட்டைச் சடை பின்னி, எதைச் சொன்னாலும் ஒரு முறை கேட்டாலே மனதில் வாங்கிக்கொள்கிற பெண். காலையில் நான் வருகைப் பதிவேட்டை எடுத்தால் எனக்கு முன்னால் அவள் எல்லாப் பெயரையும் வரிசையாகச் சொல்வாள். இன்று எத்தனை பேர் சாப்பிடுவார்கள், எத்தனை படி அரிசி போட வேண்டும் என்று கூடத்தை ஒரு பார்வை பார்த்து அம்மாவுக்குச் சொல்வது அவள்தான். அவள் சொன்ன கணக்கில் ஒரு நாளும் சோறு குறைந்ததில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க அவள் என்னிடம்தான் படித்தாள். அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருவது வெட்கம் என்று சொன்னால் அது பொய். கோபம்தான் வருகிறது. ஒரு வருடம் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பாடத்தை நான் வாசிக்க வாசிக்க அவள் காதால் பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்து இது இன்ன பக்கம் என்று அடையாளம் வைத்து, கண்ணைப் புத்தகத்தில் ஓட்டி ஒப்பித்திருக்கிறாள். நான் "வெரி குட்" போட்டு நான்காம் வகுப்புக்கு அனுப்பினேன்.

ஜூலை மாதம் உதவிக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வந்தார். நான்காம் வகுப்பில் நன்றாக வாசிக்கிற பிள்ளையை எழுப்பச் சொன்னபோது தலைமையாசிரியர் அவளைத்தான் எழுப்பினார். அவரையும் அவள் அதுவரை ஏமாற்றியிருந்தாள். அதிகாரி ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் படம் இல்லை. அவள் ஒரு கணம் தயங்கி, கணீரென்ற குரலில் ஆரம்பித்தாள். அவள் சொன்னது மூன்று பக்கம் முன்னால் இருந்த பாடம். அதிகாரி எட்டிப் பார்த்தார், பிறகு சிரித்தார். "நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்கீங்க சார்" என்றார். ஒரு சொல் காட்டி இது என்ன என்று கேட்டார். 'பள்ளி' என்று இருந்தது. அவள் விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அது நவுந்துக்கினே கீது சார்" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்கு மறுநாளிலிருந்துதான் பிரம்பு. இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் ஆயாவை மேசைக்குக் கூப்பிட்டார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"உன் பொண்ணுக்கு மூளை வளர்ச்சி இல்ல. இங்க வெச்சிருந்தா மத்தப் பிள்ளைங்களும் கெட்டுடும். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு. நானே ஒரு இடம் பாத்து வெச்சிருக்கேன். சோறு போட்டு, துணி குடுத்து, எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஆயா வழியில் நின்றாள். "என் பொண்ணுக்கு இன்னா கீது டீச்சர்? கணக்கெல்லாம் சொல்லுது. ஒரு தபா கேட்ட பாட்ட அப்டியே பாடுது. மூளை இல்லாத பொண்ணா இது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரிந்தவர்களிடம் காட்டலாம் என்றும் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் ஸ்ரீபெரும்புதூர் போய் அங்கிருந்து தண்டலம், பூந்தமல்லி வழியாக மெட்ராஸுக்குப் பஸ் ஏறினோம். அரசு மருத்துவமனை ஒன்றில் சீட்டுப் பதிகிறவர் ஊர் எது என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த மே மாதம்தான் அங்கே தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து ஒரு தலைவரும் இன்னும் பலரும் செத்திருந்தார்கள். அதற்குப் பிறகு எந்த அலுவலகத்தில் எங்கள் ஊரைச் சொன்னாலும் அதே கேள்விதான். சத்தம் கேட்டதா, போய்ப் பார்த்தீர்களா, எவ்வளவு தூரம். பின்னால் இருந்தவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க பொண்ணக் காட்ட வந்தோம் சார்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு என்ன என்று கடைசி வரை அவர் கேட்கவில்லை.

உள்ளே மனநலப் பிரிவில் ஒரு பெண் இருந்தார். டாக்டரா, பரிசோதனை மட்டும் செய்பவரா, எனக்குத் தெரியாது. நாங்கள் டாக்டரம்மா என்றோம். வண்ணக் கட்டைகளைக் கொட்டி ஒரு படத்தைக் காட்டி அதே மாதிரி அடுக்கச் சொன்னார். அவர் கடிகாரத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அவள் அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு கட்டத்தில் டாக்டரம்மா எங்களை மறந்து அவளோடு விளையாடவே தொடங்கிவிட்டார். பிறகு எழுத்து அட்டைகளை எடுத்தார். அவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெண் அந்த அட்டைகளைப் பார்த்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணு புத்திசாலி" என்று ஆயாவிடம் சொன்னார் அவர். "எழுத்து மட்டும் அவளுக்குப் பிடிபடல. இப்படிச் சில பிள்ளைங்க இருக்காங்க. வேற மாதிரி சொல்லிக் கொடுக்கணும். விரலால எழுதி, மணல்ல எழுதி, ஒவ்வொரு எழுத்தா, தினமும் ஒரு மணி நேரம் ஒருத்தர் கூட உக்காரணும். இதுக்குன்னு படிச்ச டீச்சர் மெட்ராஸ்ல நாலஞ்சு பேர்தான். அங்க சேத்து, தங்க வெச்சுப் படிக்க வைக்க உங்களால முடியாது. இந்த டீச்சரே செய்யலாம். ஆனா ஒண்ணு, மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்களுக்கான இல்லத்துல மட்டும் சேத்துடாதீங்க. அது வேற பிள்ளைங்களுக்கு."

அதையே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தந்தார். ஆயா அதை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்கவே நன்றாக இருந்தது. பூந்தமல்லியில் மகளுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, "டாக்டரே சொல்ட்டாங்க பாத்தியா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திங்கட்கிழமை அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். படிக்காமல் தூக்கி எறிந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் எனக்கு இருந்திருக்காது. படித்து, புரிந்துகொண்டு, மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். "தினம் ஒரு மணி நேரம் யாரு உக்காருவா? நானா? எம்பது பிள்ளைங்களை விட்டுட்டு ஒண்ணுக்காக மாரடிக்க முடியுமாம்மா? மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு எழுதிடுவாங்க" என்றார். ஆயாவிடம் அவர் பேசியது இன்னும் சுருக்கம். "பொண்ணை அனுப்பு. இல்லன்னா அவளையே பாத்துக்கிட்டு வீட்ல இரு. சமைக்க வேற ஆள் கேட்டு எழுதிடறேன்."

ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். அந்த வாரத்தின் கடைசி நாள், மணி நாலு அடித்ததும், என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அந்த ஒரு மணி நேரம் நீங்க சொல்லிக் குடுப்பீங்களா? பள்ளிக்கூடத்துல வேணாம், அவரு பாத்தா திட்டுவாரு. எங்க வூட்டுல. நீங்க குடுக்கறேன்னு ஒரு வார்த்த சொன்னா, நான் வேலய விட்டுட்டுக் கல்லு ஒடைக்கப் போறேன். பொண்ண அனுப்ப மாட்டேன்."

நான் பை மாட்டியிருந்தேன். நாலேகால் பஸ் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணி பஸ்ஸில் போனால் வீடு சேர எட்டரை ஆகும், கல்யாணத்துக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண் அந்நேரத்துக்கு வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். தலைமையாசிரியரை எதிர்த்துக்கொண்டு அந்தப் பள்ளியில் எப்படி இருப்பது என்றும் யோசித்தேன். "பார்க்கலாம் ஆயா" என்றேன். "சரி டீச்சர், பஸ்ஸு போய்டும்" என்று வழி விட்டாள்.

மறுநாள் தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல விண்ணப்பத்தை எழுதியவள் நான்தான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பள்ளியின் கடிதங்கள் எல்லாம் நான் எழுதுவதுதான் வழக்கம். 'என் மகள் கற்கும் திறன் அற்றவளாக இருப்பதால், என் சொந்த விருப்பத்தின் பேரில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன்.' ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. இடது கைப் பெருவிரலில் மை தடவி நான் காட்டிய இடத்தில் அழுத்தினாள். அந்த மையைத் துடைக்க நான்தான் கிழிந்த தாள் ஒன்றைக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைச் சேர்த்திருந்த அந்த இல்லத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். அங்கிருந்த குழந்தைகளுக்கு அப்படி ஓர் இடம் தேவைதான். இவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அதனால் எல்லா வேலையும் இவளுக்கு வந்திருந்தது. தானாகச் சாப்பிட முடியாத பிள்ளைகளுக்கு ஊட்டினாள், மூக்கைத் துடைத்தாள், மிச்ச நேரத்தில் காகித உறை ஒட்டினாள். "உங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணு வந்ததுலருந்து எங்களுக்குப் பாதி வேலை கொறைஞ்சிடுச்சு" என்று பொறுப்பாளர் மகிழ்ச்சியாகச் சொன்னார். கிளம்பும்போது அவள் கேட் வரை வந்தாள். "இப்ப எந்தப் பாடம் டீச்சர் போவுது?" என்று கேட்டாள். சொன்னேன். "அது நான் கேட்டதே இல்ல. ஒரு தபா சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள். கேட்டுக்கு வெளியே நின்று அந்தப் பாடத்தை நினைவிலிருந்து சொன்னேன். பாதியில் எனக்கு மறந்துவிட்டது. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஆயா சமையலை முடித்து, பரிமாறி, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"படிப்பு சொல்லித் தர்றாங்களா?"

"இல்ல ஆயா."

"அந்தக் கடுதாசியில இன்னா எழுதியிருந்துச்சு டீச்சர்?"

அதுவரை அவள் அதைக் கேட்டதில்லை. நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். குனிந்துகொண்டேதான் சொன்னேன்.

"நான் அப்டிச் சொல்லலியே" என்றாள். பிறகு, "டாக்டரம்மா சொன்னப்போ நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க. தெரிஞ்சேதான எழுதினீங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆமாம் என்றேன்.

அடுத்த நாள் அவள் வேலைக்கு வரவில்லை. பள்ளியில் அடுப்பு எரியவில்லை. எண்பது பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் கத்திக்கொண்டிருந்தபோது மத்தியானம் ஒரு மணிக்கு, இல்லத்திலிருந்து கூட்டி வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தாள். சொல்லாமல் எப்படி லீவு போடலாம், பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள், மேலே தெரிந்தால் யார் பதில் சொல்வது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"ஒரு நாளு சோறு ஆக்கலன்னு இத்தினி கேள்வி கேக்கறீங்களே சார். நாலு வருசமா என் பொண்ணுக்கு ஒரு எழுத்து சொல்லிக் குடுக்கல. உங்கள யாரு கேட்டாங்க?"

'உங்களை' என்று அவள் சொன்னது அவரை மட்டும் இல்லை. அவரைத் தாண்டி, கதவோரம் நின்ற என்னையும் பார்த்துத்தான் சொன்னாள்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவளுக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்து வேலை தப்பியது. அந்த விளக்கத்தை நான் எழுதினேன், இந்த முறை அவள் சொன்னதை அப்படியே. மகளை மட்டும் அவர் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெயர் அடித்தாயிற்று, சான்றிதழ் கொடுத்தாயிற்று, தாயே எழுதிக் கொடுத்த விண்ணப்பம் இருக்கிறது என்றார். மேலதிகாரிகளுக்கு எழுதினேன். பதில் இல்லை. நேரில் போனேன். "தலைமையாசிரியர் சம்மதிச்சா சேத்துக்கலாம்" என்றார்கள்.

நாலேகால் பஸ்ஸை அதன் பிறகு நான் பிடிக்கவில்லை. ஆயாவின் வீட்டில் முறத்தில் ஆற்று மணலைப் பரப்பி மகளின் விரலைப் பிடித்து எழுத வைத்தேன். ல, ள, ழ மூன்றும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. 'கொ' என்று எழுத ஒரு கொம்பை இடப்பக்கமும் ஒரு காலை வலப்பக்கமும் ஏன் போட வேண்டும் என்று கேட்டாள். எழுத்தை வாயால் சொல்லும்போது முன்னால் வராத ஒன்றைக் கை ஏன் முதலில் எழுத வேண்டும் என்பது அவள் கேள்வி. மாதங்கள் போயின. முதலில் சொற்கள், பிறகு பஸ் போர்டு, பிறகு கடைப் பலகை. பதினோராவது மாதம் ஒரு பக்கத்தை, அவள் முன்பு கேட்டே இராத ஒரு பக்கத்தை, வியர்த்து வியர்த்துப் படித்து முடித்தாள். ஆயா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இத ரெண்டு வருசம் முந்தியே செஞ்சிருந்தா, அஞ்சாவது போயிருப்பா" என்றாள். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணமாகி, மாற்றலும் வந்தது.

சில வருடங்களில் அந்தத் தலைமையாசிரியர் ஓய்வுபெற்றார். பிரிவு உபசார விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. எழுத்தறிவித்தவர் என்று மேடையில் பேசினார்கள், சந்தன மாலை போட்டார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் கை தட்டியபோது நானும் தட்டினேன். என்னுடைய கோழைத்தனத்துக்கு 1991 மட்டுமே சாட்சி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

போன வருடம் ஒரகடத்தில் குடியேறியிருந்த உறவினர் வீட்டுக்குப் போக, சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. டிரைவர் இடம் கேட்டு நான் வாயைத் திறந்ததுமே நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர் குரலு" என்றாள்.

ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காண்ட்ராக்டில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறாளாம். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு பேர் சாப்பாடு. எத்தனை மூட்டை அரிசி, எவ்வளவு பருப்பு என்று சூப்பர்வைசர்கள் அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறார்கள். சூப்பர்வைசர் ஆகப் பத்தாவது சான்றிதழ் வேண்டும். அவளிடம் நான்காம் வகுப்பின் மாற்றுச் சான்றிதழ்தான் இருக்கிறது. "மூணு பேருக்கு நான்தான் வேல கத்துக் குடுத்தேன். மூணு பேரும் இப்ப எனக்கு மேல" என்றாள். அம்மா போன தை மாதம் இறந்துவிட்டதாகச் சொன்னாள்.

முப்பது வருடமாகச் சொல்ல நினைத்ததை அந்த ஆட்டோவில், இரண்டு பக்கமும் ஆட்கள் இடித்துக்கொண்டிருக்க, சொன்னேன். நான் அந்த விண்ணப்பத்தை எழுதியிருக்கக் கூடாது என்றேன். என்னை மன்னித்துவிடு என்றேன். என்ன பதிலை எதிர்பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும். அதெல்லாம் பழைய கதை, விடுங்க டீச்சர் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"மணல்ல எழுத வெச்சீங்க, அத மறக்கல" என்றாள். "ஆனா கோவம் கீது டீச்சர். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கும் இருந்துச்சு, கடைசி வரிக்கும்."

கம்பெனி கேட் வந்தது. இறங்கி, என் பை சரியாமல் உள்ளே தள்ளி வைத்தாள். "ஷிப்டுக்கு நேரமாச்சு. பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு, அட்டையை இயந்திரத்தில் காட்டி உள்ளே போனாள். அவள் சொன்னது நியாயம் என்று பட்டது. நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் மூன்று நிறுத்தம் தள்ளி இருந்தது.